ட்ரூ, ஃபால்ஸ்னு ரெண்டே வார்த்தை பேசற கமாண்ட்: டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் ரிவ்யூ

காசு குடுத்து வாங்கின பொருளுக்குத்தான் ரிவ்யூ எழுதணும்னு ஒன்னும் சட்டம் இல்லயே. இது விண்டோஸோட கூடவே சும்மா வர்ற ஒரு பவர்ஷெல் (கமாண்டை டைப் பண்ணி ஓட்டற விண்டோ) கமாண்ட். பேரு டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல், வாயில நுழையாது, நானே இன்னிக்கு வரைக்கும் முழுசா டைப் பண்ணதில்ல, பாதி அடிச்சுட்டு டேப் கீயைத் தட்டிடுவேன். ஆபீஸ் கம்ப்யூட்டர் டொமைன்ல (ஆபீஸ் மெஷின், யூசர் எல்லாத்தையும் ஒரே இடத்துல இருந்து நிர்வகிக்கற அமைப்பு) லாகின் ஆகலன்னு யார்கிட்ட போய் கேட்டாலும் மொதல்ல இதை ஓட்டிப் பாருங்கன்னுதான் சொல்லுவாங்க. நானும் சிஸ்டம் அட்மின் வேலைக்கு வந்ததுல இருந்து ஓட்டிட்டுதான் இருக்கேன். நல்ல கமாண்ட், அதுல சந்தேகமே இல்ல, ஆனா எப்ப எடுக்கணும்னு தெரியாம எடுத்தா ரெண்டு வாரம் உங்களை பம்பரமா சுத்த விடும், என்னை விட்டுச்சு, அதான் எழுதறேன்.

இந்த வேலைக்கு புதுசா வந்தவங்களுக்கு மட்டும் கொஞ்சம் முன்கதை. ஆக்டிவ் டைரக்டரில, அதாவது டொமைனோட அக்கவுண்ட் பதிவேட்டுல, யூசருக்கு ஒரு அக்கவுண்ட், பாஸ்வேர்டு இருக்கற மாதிரியே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனியா ஒரு அக்கவுண்ட் இருக்கு, பேருக்கு கடைசியில ஒரு டாலர் குறி ஒட்டியிருக்கும், அதுக்கும் ஒரு பாஸ்வேர்டு இருக்கு. அந்த பாஸ்வேர்டை நம்ம யாரும் பாக்க மாட்டோம், 30 நாளைக்கு ஒரு தடவ மெஷினே டொமைன் கன்ட்ரோலர்கிட்ட (சுருக்கமா டிசி, லாகினை சரிபாக்கற சர்வர்) பேசி மாத்திக்கும், அது டீஃபால்ட். மெஷின் வெச்சிருக்கற பாஸ்வேர்டும் டிசி வெச்சிருக்கறதும் ஒத்துப்போனா செக்யூர் சேனல், அதாவது ரெண்டுக்கும் நடுவுல இருக்கற நம்பகமான தொடர்பு, சரி. ஒத்துப்போகலன்னா லாகின் ஸ்க்ரீன்ல அந்த பிரபலமான வாசகம் வரும், வொர்க்ஸ்டேஷனுக்கும் ப்ரைமரி டொமைனுக்கும் நடுவுல ட்ரஸ்ட் ரிலேஷன்ஷிப் ஃபெயில் ஆயிடுச்சுன்னு. படிச்சா என்னமோ குடும்ப கோர்ட் தீர்ப்பு மாதிரி இருக்கும்.

இங்க ஒரு தப்பான நம்பிக்கை ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு, அதை உடைச்சுட்டு மேல போலாம். "மெஷின் ரெண்டு மாசம் ஆஃப்ல கிடந்துச்சு, அதான் பாஸ்வேர்டு எக்ஸ்பயர் ஆயி ட்ரஸ்ட் போயிடுச்சு"ன்னு சொல்லுவாங்க. அப்படி இல்லீங்க. மெஷின் பாஸ்வேர்டை மாத்த ஆரம்பிக்கறது மெஷின்தான், டிசி எக்ஸ்பயர் பண்றதில்ல. ஆறு மாசம் பீரோல கிடந்த லேப்டாப்பை எடுத்து கேபிள் சொருகினா, யாரும் ஆக்டிவ் டைரக்டரில அதோட அக்கவுண்டை அழிக்காம, டிசேபிள் பண்ணாம இருந்தா, சமத்தா லாகின் ஆகும், அப்புறமா பாஸ்வேர்டை மாத்திக்கும். ட்ரஸ்ட் போறதுக்கு வேற காரணங்கள் இருக்கு: பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்ன சேமிச்ச நிலைக்கு) திரும்பின வெர்ச்சுவல் மெஷின், சிஸ்டம் ரீஸ்டோர் பண்ணது, அப்புறம் ஒரே பேருல ரெண்டு மெஷின். கடைசியா சொன்னதுக்கு கீழ வர்றேன், எனக்கு அதுலதான் அடி.

சரி கமாண்டுக்கு வருவோம். சும்மா பேரை மட்டும் அடிச்சா ட்ரூ இல்ல ஃபால்ஸ், அவ்ளோதான் பதில். ரிப்பேர்னு ஒரு ஸ்விட்சும் கிரெடென்ஷியல்னு ஒன்னும் சேத்து அடிச்சா ஒரு யூசர்நேம் பாஸ்வேர்டு கேக்கும், அந்த கம்ப்யூட்டர் அக்கவுண்டோட பாஸ்வேர்டை ரீசெட் பண்ற உரிமை இருக்கற ஐடியைக் குடுத்தா ரெண்டு பக்கமும் புது பாஸ்வேர்டு வெச்சு சேத்து வெச்சுடும். பெரும்பாலும் ரீஸ்டார்ட் கூட வேணாம், லாக்ஆஃப் பண்ணி லாகின் பண்ணா போதும். டொமைனை விட்டு வெளிய எடுத்து ஒர்க்குரூப்ல போட்டு ரீஸ்டார்ட் பண்ணி மறுபடி சேத்து மறுபடி ரீஸ்டார்ட் பண்ற அந்த பழைய பூஜையோட ஒப்பிட்டா இது சொர்க்கம். (டொமைன் அட்மின் பாஸ்வேர்டை யூசர் மெஷின்ல அடிக்காதீங்க, இந்த ஒரு வேலைக்கு மட்டும் உரிமை குடுத்த தனி ஐடி ஒன்னு வெச்சுக்கங்க, இதை ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டேதான் இருப்பேன்.)

ரெண்டு இடத்துல எரிச்சல் வரும். ஒன்னு, பவர்ஷெல் 7ல இந்த கமாண்ட் கிடையாது, விண்டோஸோட வர்ற 5.1 நீல விண்டோவைத்தான் திறக்கணும், அதுவும் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். புதுசா கத்துக்கற பசங்க 7ல அடிச்சுட்டு அப்படி ஒரு கமாண்டே இல்லன்னு வருதேன்னு முழிப்பாங்க. இன்னொன்னு இன்னும் பெருசு, லாகினே ஆகாத மெஷின்ல உள்ள போனாத்தானே கமாண்ட் ஓட்ட முடியும்! லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு தெரிஞ்சா யூசர்நேமுக்கு முன்னாடி டாட் பேக்ஸ்லாஷ் போட்டு உள்ள போலாம், லாப்ஸ் (லோக்கல் அட்மின் பாஸ்வேர்டை தானா மாத்தி சேமிச்சு வெக்கற வசதி) போட்டு வெச்சிருந்தா இன்னும் நல்லது, பாஸ்வேர்டு ஆக்டிவ் டைரக்டரிலயே இருக்கும். ரெண்டும் இல்லன்னா ஒரு கிராமத்து வைத்தியம் இருக்கு. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்க, வைஃபையும் ஆஃப். இப்ப மெஷினுக்கு டிசியே கண்ணுக்கு தெரியாது, அதனால கேஷ்ல (மெஷினுக்குள்ளயே சேமிச்சு வெச்சதுல) இருக்கற பழைய லாகினை வெச்சு உள்ள விட்டுடும். டீஃபால்ட்டா கடைசியா லாகின் பண்ண 10 பேரோடது கேஷ்ல இருக்கும், அதுல அட்மின் உரிமை உள்ள ஆள் யாராவது இருந்தா தப்பிச்சீங்க. உள்ள போயி பவர்ஷெல்லை அட்மினா திறந்து வெச்சுட்டு அப்புறம் கேபிளை சொருகி கமாண்டை ஓட்டணும். முன்னாடியே சொருகிட்டா அட்மின் பாஸ்வேர்டு கேக்கற இடத்துல திரும்பவும் அதே ட்ரஸ்ட் எரர்ல முட்டிக்குவீங்க.

இப்ப என் கதை. ஒரு திங்கக்கிழமை காலையில அக்கவுண்ட்ஸ் மேடம் கூப்பிட்டாங்க, "சார் பாஸ்வேர்டு கரெக்டாதான் போடறேன், என்னமோ ட்ரஸ்ட்டுன்னு வருது, நான் ஒன்னும் பண்ணல"ன்னு. கீழ போயி கேபிள் பிடுங்கி, உள்ள போயி, சொருகி, ஓட்டினேன், ஃபால்ஸ். ரிப்பேர் போட்டேன், ட்ரூ. மொத்தம் அஞ்சு நிமிஷம். மேடத்துக்கு ஒரே சந்தோஷம், எனக்கு கொஞ்சம் பெருமை வேற. வியாழக்கிழமை மறுபடி போன். அதே மெஷின், அதே எரர். மறுபடி ஃபால்ஸ், ரிப்பேர், ட்ரூ. அடுத்த திங்கக்கிழமை மூணாவது தடவ கூப்பிடும்போது மேடம் குரல்லயே அந்த மரியாதை போயிடுச்சு, "சார் இதை நிரந்தரமா சரி பண்ணவே முடியாதா"ன்னாங்க. நான் ஹார்ட் டிஸ்க் மேல சந்தேகப்பட்டேன், ஆன்டிவைரஸ் மேல சந்தேகப்பட்டேன், சொன்னா வெக்கம், நெட்வொர்க் கேபிளைக் கூட மாத்திப் பாத்தேன்.

அப்புறம் ஒரு வழியா புத்தி வந்து டிசியில கெட்-ஏடிகம்ப்யூட்டர் போட்டு அந்த மெஷின் அக்கவுண்டோட பாஸ்வேர்டுலாஸ்ட்செட் (கடைசியா பாஸ்வேர்டு மாத்தின) தேதியை எடுத்துப் பாத்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் 6.10னு இருக்கு. நான் ரிப்பேர் பண்ணது வியாழக்கிழமை காலையில. மேடத்துகிட்ட கேட்டேன், வெள்ளிக்கிழமை எப்ப கிளம்புனீங்கன்னு. "அஞ்சரைக்கே ஷட்டவுன் பண்ணிட்டு போயிட்டேன் சார்." அணைஞ்சு கிடக்கற மெஷின் ஆறு பத்துக்கு எப்படி பாஸ்வேர்டு மாத்தும்? அந்த பேருக்கு என்ன ஐபின்னு என்எஸ்லுக்கப் போட்டுப் பாத்தா வேற ஐபி வருது, மூணாவது மாடி சப்நெட் (நெட்வொர்க்கோட ஒரு பகுதி). ஓடினேன் மேல.

ஸ்டோர்ஸ் செக்ஷன்ல ஒரு லேப்டாப். என் கூட வேலை பாக்கற தம்பி, அவசரத்துக்கு அக்கவுண்ட்ஸ் மெஷினை அப்படியே இமேஜ் எடுத்து, சிஸ்ப்ரெப் (காப்பி எடுக்கறதுக்கு முன்ன மெஷினோட தனி அடையாளங்களை நீக்கற டூல்) பண்ணாம இதுல இறக்கியிருக்கான். பேரையும் மாத்தல. டொமைன்ல சேத்தது, பேரு, மெஷின் பாஸ்வேர்டு எல்லாம் அச்சு அசல் காப்பி. மொத சில வாரம் ரெண்டும் ஒழுங்கா ஓடிச்சு ஏன்னா ரெண்டுகிட்டயும் ஒரே பாஸ்வேர்டு. வேற வேற சப்நெட்ங்கறதால ஒரே பேரு ரெண்டு இருக்குன்னு எச்சரிக்கையும் வரல. 30 நாள் கணக்கு வந்ததும் ஒன்னு மாத்திக்கிச்சு, இன்னொன்னு தெருவுக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து. நான் கீழ ரிப்பேர் பண்ணா மேல ட்ரஸ்ட் போகும், ஸ்டோர்ஸ்ல இருந்து தம்பிக்கு போன் போகும், அவன் அங்க ரிப்பேர் போடுவான், எனக்கு கீழ போகும். சீசா விளையாட்டு. ரெண்டு பேரும் அவங்கவங்க டிக்கெட்டை "சரி செய்யப்பட்டது"ன்னு மூடிட்டு இருந்திருக்கோம், ரெண்டு பேருக்கும் கமாண்ட் ட்ரூன்னு சொல்லிச்சு, ரெண்டு தடவையும் அது உண்மையும் கூட.

இதுல கமாண்ட் மேல தப்பு சொல்ல முடியாதுதான். ஆனா ட்ரூ, ஃபால்ஸ் தவிர ஒரு வார்த்தை பேசாத பொருளை நம்பி நான் கேள்வி கேக்கறதையே நிறுத்திட்டேன் பாருங்க, அது இதோட பக்கவிளைவு. வேலை அவ்ளோ சீக்கிரம் முடியுது, ஏன் ஆச்சுன்னு யோசிக்க நேரமே தர்றதில்ல. ஈவென்ட் வியூவர் (விண்டோஸோட பதிவுப் புத்தகம்) திறந்திருந்தா மெஷின்ல நெட்லாகான் 3210ம் டிசி பக்கம் 5722ம், ரெண்டுமே இந்த சரிபார்ப்பு தோத்ததைச் சொல்ற எரர், வரிசையா உக்காந்திருக்கும். நான் திறக்கல.

அந்த லேப்டாப்பை எப்படி பிரிச்சோம்னும் சொல்லிடறேன், இங்க ஒரு குழி இருக்கு. அவசரப்பட்டு அதை டொமைன்ல இருந்து வெளிய எடுத்தா, போற போக்குல ஆக்டிவ் டைரக்டரில இருக்கற அந்த கம்ப்யூட்டர் அக்கவுண்டை டிசேபிள் பண்ணிட்டு போகும், அப்ப அக்கவுண்ட்ஸ் மேடம் மெஷினும் சேந்து விழும். அதனால கேபிளைப் பிடுங்கிட்டு, மொத்தமா துடைச்சு, புதுசா இன்ஸ்டால் பண்ணி, வேற பேரு வெச்சு சேத்தோம். சிஸ்ப்ரெப் பண்ணாம காப்பி எடுக்கறது இப்ப இன்னும் ஆபத்து, 2025 ஆகஸ்ட் கடைசியில இருந்து வந்த அப்டேட்டுகள் போட்ட விண்டோஸ் 11 24எச்2, 25எச்2, சர்வர் 2025 மெஷின்கள்ல ஒரே எஸ்ஐடி (மெஷினோட அடையாள எண்) இருக்கற ரெண்டு மெஷின் ஒன்னுக்கொன்னு கெர்பரோஸ், என்டிஎல்எம்ங்கற லாகின் சரிபார்ப்பு முறை எதுலயும் பேச முடியாது.

இன்னொரு நாள், வேற கதை. ஒரே வரிசையில ஆறு மெஷின், காலையில லாகின் ஆகல, எல்லாத்துலயும் கமாண்ட் ஃபால்ஸ். ஆறு மெஷினுக்கும் ஒரே ராத்திரில ட்ரஸ்ட் போகுமா? ரிப்பேர் போட்டா அதுவும் தோத்துப்போகுது. இங்கதான் இந்த கமாண்டோட பெரிய குறையே: டிசிகிட்ட போயி சேரவே முடியலன்னாலும் ஃபால்ஸ், போயி சேந்து பாஸ்வேர்டு ஒத்துப்போகலன்னாலும் அதே ஃபால்ஸ். டாக்டர்கிட்ட போனா "உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொல்லி அனுப்பற மாதிரி. விவரமா சொல்ல வெக்கற வெர்போஸ் ஸ்விட்ச் போட்டாலும் சேனல் உடைஞ்சிருக்குன்னு அதையே கொஞ்சம் நீட்டி சொல்லும், அவ்ளோதான்.

அன்னிக்கு காப்பாத்தினது என்எல்டெஸ்ட்ங்கற இன்னொரு கமாண்ட். விண்டோஸ் என்டி காலத்து கிழவன், ஆனா பேச்சு தெளிவு. டிஎஸ்கெட்டிசி ஸ்விட்ச் போட்டு டொமைன் பேரைக் குடுத்தா டிசியைத் தேடி கண்டுபிடிச்சு பேரு, ஐபி, சைட் எல்லாம் சொல்லும், கிடைக்கலன்னா நம்பரோட சொல்லும். 1355 வந்தா அப்படி ஒரு டொமைனையே கண்டுபிடிக்க முடியல, நேரா டிஎன்எஸ் (பேரைக் குடுத்தா ஐபி சொல்ற சேவை) பக்கம் போங்க. செக்யூர் சேனலை சோதிக்கற எஸ்சிவெரிஃபை ஸ்விட்ச் போட்டு 1311 வந்தா லாகான் சர்வர் கிடைக்கல, நெட்வொர்க், ஃபயர்வால் பாருங்க. 1787ன்னா கம்ப்யூட்டர் அக்கவுண்டே டிசியில இல்ல, யாரோ அழிச்சிருக்காங்க. 1789தான் நிஜமான ட்ரஸ்ட் பிரச்சன, அப்ப மட்டும் நம்ம ரிப்பேர் கமாண்டை வெளிய எடுக்கணும். எனக்கு அன்னிக்கு வந்தது 1355. ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் போட்டா டிஎன்எஸ் இடத்துல 192.168.0.1னு ஏதோ ஒன்னு, நம்ம ரேஞ்சே இல்ல. யாரோ போனுக்கு வைஃபை வேணும்னு ஒரு குட்டி ரவுட்டரை மேஜைக்கு அடியில சொருகி வெச்சிருக்காங்க, அது டிஎச்சிபி வழியா ஐபி, டிஎன்எஸ் முகவரியை தானே குடுத்து பக்கத்துல இருக்கற எல்லாரையும் தன் பக்கம் இழுத்துடுச்சு. "நெட்டு நல்லாதானே சார் வருது"ன்னு ஒருத்தர் வாதாடினாரு. வரும், ஏன் வராது, அந்த ரவுட்டர் வழியா வெளி உலகம் தெரியும், நம்ம டிசி இருக்கற இடத்தை சொல்ற எஸ்ஆர்வி ரெக்கார்டு மட்டும் அதுக்குத் தெரியாது.

இதே ரகம்தான் டிஎன்எஸ்ல ரெண்டாவதா 8.8.8.8ங்கற கூகுளோட பொது டிஎன்எஸ்ஸைப் போட்டு வெக்கறது, "ஒன்னு போனா இன்னொன்னு இருக்கட்டும்"னு. மொத டிஎன்எஸ் ஒரு நொடி பதில் சொல்லலன்னா மெஷின் அங்க போயி கேக்கும், அது அப்படி ஒரு பேரே கிடையாதுன்னு அடிச்சு சொல்லும், மெஷினும் அதை நம்பிடும். டொமைன்ல இருக்கற மெஷினுக்கு ரெண்டு டிஎன்எஸ்ஸும் உள்ளுக்குள்ள இருக்கறதாத்தான் இருக்கணும். நேரமும் அப்படித்தான், கெர்பரோஸ் டீஃபால்ட்டா 5 நிமிஷ வித்தியாசம் வரைக்கும்தான் பொறுத்துக்கும், மதர்போர்டு பேட்டரி செத்த மெஷின் எந்த வருஷத்துல முழிக்கும்னே சொல்ல முடியாது. ஸ்க்ரீன் மூலையில கடிகாரத்தை ஒரு பார்வை பாக்க எந்த டூலும் வேணாம்.

போட்டிக்கு நிக்கற மத்தவங்களையும் சொல்லணும்ல. நெட்டாம்ங்கற கமாண்ட் நல்லதுதான், ஆனா சாதாரண யூசர் மெஷின்ல இருக்காது, ஆர்சாட்ங்கற அட்மின் டூல் தொகுப்பு போடணும், டிசியோட சொந்த பாஸ்வேர்டே கெட்டுப்போனா மட்டும் நான் அதோட ரீசெட்பிடபிள்யூடியைத் தேடிப் போவேன். வெளிய எடுத்து திரும்ப சேக்கற முறையை இன்னும் பல பேர் மொத வேலையா பண்றாங்க. பண்ணுங்க, ஆனா தயவுசெஞ்சு ஆக்டிவ் டைரக்டரில அந்த கம்ப்யூட்டர் ஆப்ஜெக்டை டெலீட் பண்ணிட்டு "ஃப்ரெஷ்ஷா" சேக்காதீங்க. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டற விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீயை டைரக்டரில சேமிச்சு வெச்சிருந்தா அது அந்த ஆப்ஜெக்டுக்கு அடியிலதான் இருக்கும், ஆப்ஜெக்ட் போனா கீயும் போகும். லாப்ஸ் பாஸ்வேர்டும் போகும். க்ரூப்ல சேத்து வெச்சிருந்ததும் போகும். அழிக்கறது ஒரு கிளிக், அன்னிக்கு மத்தியானமே அந்த லேப்டாப் நீல ஸ்க்ரீன்ல 48 இலக்க கீ கேக்கும்போது முகம் எப்படி ஆகும்னு யோசிச்சுக்கங்க. இன்னொன்னு, 2022 அக்டோபர் அப்டேட்டுக்கு அப்புறம் ஏற்கனவே இருக்கற அக்கவுண்ட் பேருல வேற யாரோ வந்து சேக்க முடியாது, அந்த அக்கவுண்டை உருவாக்கின ஆளே பண்ணணும், இல்ல அந்த அக்கவுண்டை டொமைன் அட்மின் மாதிரி உரிமை உள்ளவங்க உருவாக்கியிருக்கணும், இல்லன்னா 2732னு எரர் வரும், மைக்ரோசாஃப்ட்டோட கேபி5020276 கட்டுரைல விவரம் இருக்கு. இதனாலயே திரும்ப சேக்கற வேலை முன்ன மாதிரி சுலபம் இல்ல, ரிப்பேர் கமாண்டுக்கு மவுசு கூடினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நினைக்கறேன்.

மார்க் போடணும்னா, ரிப்பேர் பண்ற வேலைக்கு 5க்கு 5. கண்டுபிடிக்கற வேலைக்கு 5க்கு 2, அந்த ரெண்டும் பாவம் பாத்துதான். இப்பல்லாம் போன் வந்தா நான் மொதல்ல கேக்கறது "பக்கத்து சீட்டுக்கு லாகின் ஆகுதா மேடம்?"னு. அவங்களுக்கும் ஆகலன்னா டிஎன்எஸ், நெட்வொர்க். இவங்களுக்கு மட்டும்னா ஐபிகான்ஃபிக், கடிகாரம், என்எல்டெஸ்ட், 1789 வந்தா ரிப்பேர், முடிச்ச கையோட பாஸ்வேர்டுலாஸ்ட்செட் நேரத்தை டிக்கெட்ல எழுதி வெப்பேன். ஒரே மெஷின் ஒரு மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவ வந்தா ரிப்பேர் போட மாட்டேன், அந்த நேரத்தை எடுத்து வெச்சு ஒப்பிடுவேன். தம்பி இப்ப இமேஜ் இறக்கின ஒவ்வொரு மெஷின் முதுகுலயும் பேரை ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டறான், நான் கேக்கவே இல்ல.